இற்றுப்போன பலகை வீட்டில் என்ன பாரம்பரியம்?

மெல்பனின் மேற்குப் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவரும் கணவரும் வங்கிக் கடனில் ஒரு பழைய மரப்பலகை வீட்டை வாங்கினார்கள். 1910-ஐ ஒட்டிக் கட்டியது. தெருவைப் பார்த்து ஒரு முக்கோண முகப்பு, அதன் பக்கத்தில் சின்ன வராந்தா, தகரக் கூரை, பின்னால் யாரோ எப்போதோ ஒட்டவைத்த ஃபைப்ரோ (நார் கலந்த சிமெண்ட் தகடு) சமையலறை. ஹாலில் குழந்தை பந்தை வைத்தால் அது தானாகவே சமையலறைக்கு உருண்டு போகிறதாம். கோயம்புத்தூரில் இருக்கும் மாமனார், மாமியாரை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடியில் புதிதாகக் கட்டத் திட்டம். பில்டரும் பார்த்தாயிற்று, ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி.

இந்த நேரத்தில் உள்ளூராட்சியான கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம். அவர்கள் தெருவையும் பக்கத்து இரண்டு தெருக்களையும் சேர்த்து ஹெரிட்டேஜ் ஓவர்லே, அதாவது பழைய தோற்றத்தைக் காக்கும் திட்டமிடல் கட்டுப்பாடு, கொண்டுவரப் போகிறார்கள். இவர்கள் வீடு அதில் ‘காண்ட்ரிபியூட்டரி’ வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாசகி கேட்பது இதுதான்: “அரண்மனையா, கோயிலா, பெரிய மனிதர் யாராவது வாழ்ந்த வீடா? ஒன்றுமில்லை. இற்றுப்போன பலகை. வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டை நம் காசில் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கணவர் கேட்கிறார். பூஜை அறை கட்டக்கூட இனி கவுன்சிலைக் கேட்க வேண்டுமா? வாசல் தெற்குப் பார்த்தது, அதை மாற்ற முடியாதா? சட்டம் வருவதற்குள் இந்த மாதமே இடித்துவிடலாம் என்கிறார் பில்டர். விலை விழுந்தால் நஷ்ட ஈடு உண்டா?”

அன்புள்ள சகோதரிக்கு,

வீடே கையை விட்டுப் போய்விட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் இன்னும் எதுவும் போகவில்லை. உங்களுக்கு வந்திருப்பது ஒரு திட்டத் திருத்தத்தின் அறிவிப்பு. மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் 1987-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி, இந்த மாதிரித் திருத்தத்தைக் குறைந்தது ஒரு மாதமாவது பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். அதற்குள் நீங்கள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். நீங்கள் கேட்டபடி கவுன்சில் மாற்றிக்கொள்ளாவிட்டால், திருத்தத்தையே கைவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு சுயேச்சையான விசாரணைக் குழுவிடம், அதாவது பேனலிடம், அனுப்ப வேண்டும். பேனல் முன் நீங்களே போய்ப் பேசலாம், வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. பேனல் அறிக்கை வந்த பிறகு கவுன்சில் முடிவெடுக்கும், அதன்பின் திட்டமிடல் அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும், கடைசியில் கெஜட்டில் வரும். எல்லாம் முடிய பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் பிடிக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ராயல் எக்ஸிபிஷன் பில்டிங், ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் போன்றவை மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் இருப்பவை. அவற்றுக்கு 2017-ஆம் ஆண்டின் ஹெரிட்டேஜ் சட்டம். அங்கே உள்ளே ஒரு சுவரைத் தொடுவதென்றாலும் பெரும்பாலும் அனுமதி வேண்டும். உங்கள் தெருவுக்கு வரப்போவது உள்ளூர் அளவிலான ஓவர்லே. அதன் கட்டுப்பாடுகள் மிகவும் லேசானவை. கடிதத்தில் நீங்கள் பயந்திருக்கும் பல விஷயங்கள் பதிவேட்டுக் கட்டடங்களுக்குரியவை, உங்கள் வீட்டுக்கு அல்ல.

‘பெரிய மனிதர் யாரும் வாழவில்லையே?’

விக்டோரியாவில் ஓர் இடத்துக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா என்று பார்க்க எட்டு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். முக்கியமான ஒருவரோடு தொடர்பு என்பது அவற்றில் ஒன்றுதான், கடைசியில் வருவது. அழகு இன்னொன்று. உங்கள் தெருவைப் போன்ற இடங்களைப் பெரும்பாலும் வேறு இரண்டை வைத்துத்தான் சேர்ப்பார்கள்: அந்த ஊர் உருவான வரலாற்றைக் காட்டுகிறதா, ஒரு வகை வீட்டுக்குச் சரியான மாதிரியாக இருக்கிறதா. எளிமையாக இருப்பது இந்த இரண்டுக்குமே குறையல்ல. மேற்குப் புறநகரைப் பொறுத்தவரை எளிமைதான் விஷயமே.

1880-களில் மெல்பனில் நிலத்தின் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. ரயில் பாதை போகிற பக்கமெல்லாம் மனை பிரித்து விற்றார்கள். 1890-களின் தொடக்கத்தில் எல்லாம் கவிழ்ந்தது. வங்கிகள் மூடின, பிரித்த மனைகள் வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தன. புதிய நூற்றாண்டில்தான் தொழிற்சாலைகள் திரும்ப எழுந்து அந்தக் காலி மனைகளில் வீடுகள் வந்தன. பல தெருக்களில் விக்டோரியா ராணி காலத்து விக்டோரியன் வீடு ஒன்றுக்குப் பக்கத்தில், அவருக்குப் பின் வந்த எட்வர்டு மன்னர் காலத்து எட்வர்டியன் வீடுகள் நாலைந்து நிற்பதற்கு இதுதான் காரணம். 1900-களில் மெக்கே என்ற முதலாளியின் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை பேலரட்டிலிருந்து பிரேபுரூக் ஜங்ஷனுக்கு வந்தது. 1907-இல் அந்த ஊரின் பெயரே சன்ஷைன் என்று மாறியது. அதே ஆண்டு நவம்பரில் நீதிபதி ஹிக்கின்ஸ், மெக்கே கொடுத்த கூலி நியாயமானதா என்று விசாரித்து, பயிற்சி இல்லாத தொழிலாளிக்கு நாளுக்கு 7 ஷில்லிங் என்று தீர்ப்பளித்தார். ஒரு மனிதன் தன் மனைவி, பிள்ளைகளோடு நாகரிகமாக வாழ என்ன வேண்டும் என்று கணக்குப் பார்த்தார். வாடகை, ரொட்டி, இறைச்சி, பால், விறகு எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. ஆஸ்திரேலியாவின் அடிப்படைச் சம்பளம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்த வாடகைக் கணக்கில் வந்த வீடு எப்படி இருந்தது என்று கேட்டால், உங்கள் வீட்டைத்தான் காட்ட வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று வீட்டை நிதானமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் வசதிக்காரர்கள் ஹாதார்ன், கேம்பர்வெல் பக்கம் சிவப்புச் செங்கல்லில் பெரிய பெரிய வீடுகள் கட்டினார்கள்: உயரமான கூரை, பல முகப்புகள், சுடுமண் ஓடு, ஈயக் கம்பியில் கோத்த வண்ணக் கண்ணாடி. உங்கள் வீட்டைக் கட்டிய தச்சர் அதையெல்லாம் பார்த்திருக்கிறார். கையில் இருந்த காசுக்கு ஒரே ஒரு முகப்பு. அதன் உச்சியில் சாதாரணப் பலகைக்குப் பதில் செதில் போல வெட்டிய பலகை நாலு வரிசை, இல்லையென்றால் சிறுகல் கலந்த சொரசொரப்புப் பூச்சின்மேல் மெல்லிய மரச்சட்டம். வராந்தாத் தூணுக்கு மேலே ரம்பத்தால் அறுத்தெடுத்த மர வளைவு. முன் ஜன்னலுக்கு மேல் குட்டிக் கூரை. பணக்கார வீட்டின் ஆசையைத் தொழிலாளி சம்பளத்துக்குள் அடக்கிய வேலை இது. எனக்குப் பெரிய மாளிகைகளைவிட இதில்தான் ருசி அதிகம். தொழில்முறைக் கருத்தாக அல்ல, சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் உங்கள் வீட்டைத் தனியாக எடுத்தால் அதை யாரும் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள் என்பதும் உண்மை. ‘காண்ட்ரிபியூட்டரி’ என்றால் இதுதான்: தெரு மொத்தமாகச் சேர்ந்து ஒரு கதையைச் சொல்கிறது, அதில் உங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு. ஒரே அளவு மனை, ஒரே தூரத்தில் பின்தள்ளி நிற்கும் முகப்புகள், ஒரே உயரக் கூரை. இதனால் உங்களுக்கு ஒரு பெரிய சாதகமும் இருக்கிறது. தெருவிலிருந்து தெரிவதுதான் மதிப்பு என்றால், தெரியாததில் கவுன்சிலின் அக்கறை குறைவு. கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், அது அலட்சியமாகத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. எட்வர்டு மன்னர் 1901-இல் அரியணை ஏறினார். ஆஸ்திரேலியா ஒரே நாடாக ஆனதும், வெள்ளையர் அல்லாதவர் உள்ளே வராமல் தடுக்கும் குடிவரவுச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். உங்கள் வீட்டுக்குக் கூரை போட்டபோது, ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்வதை எழுதச் சொல்லும் தேர்வு வைத்து உங்களைத் துறைமுகத்திலேயே திருப்பியிருப்பார்கள். நிலமோ அதற்கும் வெகுகாலம் முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகளான குலின் மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. கவுன்சில் அறிக்கைகளில் இதெல்லாம் பெரும்பாலும் வருவதில்லை. 1918-ஓடு கதை முடிந்ததுபோல எழுதிவிடுகிறார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. போருக்குப் பின் இதே வீடுகளை இத்தாலியரும் கிரேக்கரும் மால்டாக்காரரும் வாங்கினார்கள். 1970-களின் பின்பகுதியிலிருந்து ஃபுட்ஸ்கிரே பக்கம் வியட்நாமியர்கள். இப்போது நீங்கள். மலிவாக இருந்ததால்தான் ஒவ்வொரு அலையிலும் வந்தவர்களுக்கு முதல் வீடாக இது அமைந்தது. இது வெள்ளைக்காரன் வீடு மட்டும்தான் என்று உங்கள் கணவர் சொன்னால், அந்தப் பிந்தைய அறுபது, எழுபது வருடத்தை அவரும் விட்டுவிடுகிறார். இதைக் கவுன்சிலுக்கு எழுதும் கருத்திலேயே சேர்க்கலாம். அதனால் வீட்டின் வகை மாறாது. ஆனால் அந்த ஆவணத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

எதற்கு அனுமதி, எதற்கு வேண்டாம்

பூஜை அறைக்குக் கவுன்சிலைக் கேட்க வேண்டியதில்லை. ஓவர்லே அட்டவணையில் உங்கள் தெருவுக்கு ‘உட்புறக் கட்டுப்பாடு’ என்று தனியாகக் குறித்தால்தான் உள்ளே மாற்றுவதற்கு இந்த அனுமதி தேவைப்படும். சாதாரணக் குடியிருப்புத் தெருக்களுக்கு அப்படிக் குறிப்பது அபூர்வம். அட்டவணையின் நகலை ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஒரே ஒரு வரிதான் இருக்கும். சமையலறையைப் புதிதாக்குவது, உள்சுவரை எடுப்பது, குளியலறை கூட்டுவது எல்லாம் கட்டட விதிகளுக்குள் வருமே தவிர இதற்குள் வராது.

அதே அட்டவணையில் பெயிண்ட் கட்டுப்பாடும் தனி வரி. அது இல்லையென்றால் ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பலகைக்கு எந்த நிறமும் அடிக்கலாம். பெயிண்டே காணாத செங்கல் புகைபோக்கிக்கு மட்டும் தூரிகை போட்டுவிடாதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும். இற்ற பலகையை அதே அளவு, அதே வடிவப் பலகையால் மாற்றுவது பராமரிப்பு, அனுமதி வேண்டாம். சோலார் தகடு தெருவிலிருந்து தெரிந்தால் அனுமதி, பின்கூரையில் தெரியாமல் வைத்தால் வேண்டாம். முன் வேலிக்கு வேண்டும். வேலி போன்ற சின்ன வேலைகளுக்கு ‘விக்ஸ்மார்ட்’ என்ற குறுக்குவழி உண்டு. 10 வேலை நாளில் முடிவு சொல்லிவிட வேண்டும் என்பது கணக்கு.

வாசல் விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். முன்பக்கக் கதவை இடம் மாற்றுவது வெளித்தோற்ற மாற்றம். வாஸ்துவைக் காரணமாகச் சொன்னால் அதை எடைபோட அந்த அதிகாரிக்கு விதியில் இடமில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். வேறு வழி இருக்கிறது. தெற்குக் கதவை அப்படியே விட்டுவிட்டு, பக்கவாட்டுப் பாதை வழியாகப் பின்பக்கப் புதிய கட்டடத்தில் கிழக்குப் பார்த்து ஒரு வாசல் வைத்து, அதையே தலைவாசலாகப் புழங்கலாம். கோலமும் மாவிலைத் தோரணமும் அங்கே. இந்த மாதிரி வரைபடத்துக்குப் பெரிய எதிர்ப்பு வருவதில்லை.

இப்போது முக்கியமானது, பெற்றோருக்கான இடம். மனை நீளமானது, பின்னால் புளூஸ்டோன் என்ற கருங்கல் பாவிய சந்து இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காண்ட்ரிபியூட்டரி வீடுகளில் பெரும்பாலான கவுன்சில்கள் எதிர்பார்ப்பது, முன்பக்க அறைகளையும் அவற்றின் மேலிருக்கும் கூரையையும் புகைபோக்கியையும் வைத்துக்கொண்டு, பின்பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. இரண்டாம் மாடிகூட, பின்னால் தள்ளி, எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்பவர் கண்ணுக்கு உறுத்தாமல் இருந்தால், கிடைக்கும். எவ்வளவு பின்னால், எந்தக் கோணத்தில் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். அந்த ஃபைப்ரோ சமையலறைக்காக யாரும் கண்ணீர் விடப்போவதில்லை. எழுபதைத் தொடும் பெற்றோருக்கு எப்படியும் கீழ்த்தளத்தில்தான் படுக்கையறை வேண்டும். படியில்லாத, அகலக் கதவு வைத்த ஓர் அறையும் குளியலறையும் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்து அமையட்டும். 2023 இறுதியில் அதே மனையில் 60 சதுர மீட்டருக்குள் சிறு இரண்டாம் வீடு கட்டும் விதிகளையும் மாநில அரசு தளர்த்தியது. ஓவர்லே வந்தால் அதற்கு உங்கள் மனையில் தனி அனுமதி வேண்டுமா என்று கவுன்சிலில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதமே இடிப்பது

பில்டர் சொல்வதைப் பற்றி. இன்று ஓவர்லே இல்லை, ஆகவே இன்று இடிப்பது பாரம்பரிய விதிகளின்படி குற்றமில்லை என்பது சரி. ஆனால் அவர் சொல்வதுபோல இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் வேலை முடிந்தது என்று இல்லை. வீட்டின் பாதிக்கு மேலோ, முகப்பின் எந்தப் பகுதியையோ இடிக்க வேண்டுமென்றால், கட்டடச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, கட்டட அனுமதி வழங்கும் பில்டிங் சர்வேயர் முதலில் கவுன்சிலின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தக் கோரிக்கை போனால், இடைக்கால ஓவர்லே போடச் சொல்லி அமைச்சருக்கு எழுதுவதும் இடிப்பு விண்ணப்பத்தை நிறுத்திவைப்பதும் கவுன்சில்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. சிலருக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது, சிலருக்கு நின்றுவிடுகிறது. நின்றுவிட்டால், ஒரு வருட அவகாசத்தில் ஆற அமர வாதாடியிருக்கக்கூடிய நீங்கள், சில வாரத்தில் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுவீர்கள்.

அனுமதியே இல்லாமல் இடிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2016-இல் கார்ல்டனில் கார்க்மன் என்ற பழைய மதுக்கடைக் கட்டடத்தை ஒரு வார இறுதியில் அனுமதியின்றி இடித்தார்கள். 1850-களின் கட்டடம். அபராதம், வழக்கு என்று வருடக்கணக்கில் இழுத்தது. அதற்குப் பிறகு சட்டத்தையே இறுக்கினார்கள்: பாரம்பரியக் கட்டடத்தைச் சட்டவிரோதமாக இடித்தால், அந்த நிலத்தில் 10 ஆண்டு வரை எதையும் கட்டவிடாமல் தடுக்க முடியும். அபராதம் உங்கள் பெயரில் வரும். பில்டர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

ஆட்சேபிப்பதானால்

ஆட்சேபிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் காரணங்களில் பாதி, பேனல் முன் எடுபடாது. வீட்டு விலை குறையும், கடன் இருக்கிறது, பெற்றோர் வருகிறார்கள் என்பதெல்லாம் உண்மையான கஷ்டங்கள். ஆனால் இந்தக் கட்டத்தில் பேனல் கேட்பது ‘இந்த இடத்துக்கு மதிப்பு இருக்கிறதா’ என்பதை மட்டும்தான். சொந்தச் சூழ்நிலையை நீங்கள் பின்னால் பெர்மிட் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பலகை இற்றுப்போயிருக்கிறது என்பதும் அப்படியே. வீடு விழும் நிலையில் இருந்தால் தவிர, பழுது மதிப்பைக் குறைப்பதில்லை.

எடுபடுவது, வீட்டின் அசல் தன்மையைப் பற்றிய ஆதாரம். பக்கத்து வீட்டில் செங்கல் மாதிரி அச்சடித்த தகடு போர்த்தியிருக்கிறது, அலுமினிய ஜன்னல் வேறு, அதையும் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தகட்டைக் கழற்றினால் பெரும்பாலும் அடியில் பழைய பலகை முழுசாக இருக்கும். பலகையில் பழைய பெயிண்டின் விளிம்பு, ஜன்னல் கூரை இருந்த இடத்தில் ஆணி ஓட்டை, வராந்தா வளைவின் நிழல்போன்ற தடம் எல்லாம் பதிந்திருக்கும். அவற்றை வைத்து முகப்பைத் திரும்பச் செய்துவிட முடியும் என்பதால்தான் அதை விட்டுவைக்கிறார்கள். மாறாக, உங்கள் வீட்டின் முன் அறையையே 1960-களில் பெயர்த்துக் கட்டியிருந்தால், கூரையின் வடிவமே மாறியிருந்தால், அது வலுவான வாதம். ‘காண்ட்ரிபியூட்டரி அல்ல’ என்று மாற்றக் கேட்கலாம். தெருவில் மற்றவை இருக்க, உங்களுடையது மட்டும் விடுபட வாய்ப்புண்டு.

அதைக் காட்ட ஆவணம் தேவை. உங்கள் பகுதிக்குப் பழைய நகரப் பணி வாரிய (MMBW) வரைபடங்கள் இருந்தால், மாநில நூலகத்தின் இணையச் சேகரிப்பில் பார்க்கலாம். வீட்டின் சுற்றுக்கோடு, வராந்தா, கழிப்பறை வரை குறித்திருப்பார்கள். தண்ணீர் நிறுவனத்திடம் வீட்டின் சாக்கடை இணைப்பு வரைபடம் இருக்கும். இணைப்புக் கொடுத்தபோது வீடு எந்த வடிவில் இருந்தது என்று அதில் தெரியும். 1945-இல் மெல்பன் முழுக்க எடுத்த வான்படங்களில் கூரையைப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த ஆதாரங்கள் உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம். 1945 படத்தில் இன்றைய முகப்புக் கூரை அப்படியே தெரிந்தால், அந்த வாதத்தை விட்டுவிட்டு ஓவர்லேயோடு வாழும் திட்டத்துக்கு நேரத்தைச் செலவிடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த வரையில், முகப்பு பெரும்பாலும் அசல் என்றே தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது.

பந்து ஏன் உருளுகிறது

உருளும் பந்தைப் பார்த்து வீடே முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இந்த வீடுகள் பெரும்பாலும் ரெட்கம் மரக் குற்றிகள்மேல் நிற்பவை. மண்ணுக்குள் இருக்கும் பகுதி பல பத்தாண்டுகளில் இற்று, தரை சாய்கிறது. குற்றிகளை எடுத்துவிட்டு கான்கிரீட் குற்றி வைத்து, வீட்டை ஜாக்கியால் மட்டத்துக்குத் தூக்குவது மெல்பனில் அன்றாட வேலை. ரீஸ்டம்பிங் என்று கூப்பிட்டால் ஆள் வருவார்கள். பில்டிங் பெர்மிட் வேண்டும். தூக்கும்போது பிளாஸ்டரில் விரிசல் விழும், கதவுகள் இறுகும். அதனால் உள்பூச்சு, பெயிண்டுக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும்.

அப்புறம், ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கீழிருந்து இரண்டு மூன்று வரிசைப் பலகை, ஜன்னல் அடிச்சட்டம், வராந்தாத் தூணின் பாதம் ஆகிய இடங்களில் லேசாகக் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் அங்கே இற்றிருக்கிறது. மேலே போகப் போகப் பலகை கல்லாக இருக்கும் என்பது என் ஊகம். தோட்ட மண்ணோ கான்கிரீட் நடைபாதையோ உயர்ந்து, தரைக்கடியில் காற்றுப் போகும் துவாரங்களை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி நோய் அங்கிருந்துதான். பழைய மர வீடுகளில் அனுபவமுள்ள ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் அறிக்கை வாங்குங்கள். புது வீடு கட்ட ஆர்டர் எதிர்பார்க்கும் ஒருவர், பழைய வீடு தேறாது என்று சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதையும் சொல்கிறேன். 1970-க்கு முந்தைய வீடுகளில் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி குழந்தைக்கு விஷம். பின்பக்க ஃபைப்ரோவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். பரிசோதித்து, உரிமம் உள்ளவரை வைத்து எடுங்கள். ஓவர்லே வந்தாலும் வராவிட்டாலும் இது பொருந்தும்.

விலை, நஷ்ட ஈடு, காப்பீடு

ஓவர்லேக்கு நஷ்ட ஈடு கிடையாது. சாலைக்கோ பூங்காவுக்கோ நிலத்தை ஒதுக்கினால்தான் அது வரும். விலையைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று யூனிட் கட்ட மனை தேடுகிறவர் உங்கள் வீட்டுக்கு முன்பு தரக்கூடியதைவிடக் குறைத்துக் கேட்பார், இதை மறைப்பதில் பயனில்லை. முகப்போடு கூடிய வீட்டைத் தேடி வரும் குடும்பங்களும் மேற்குப் புறநகரில் இருக்கிறார்கள். பக்கத்தில் பெட்டி போன்ற கட்டடம் எழாது என்பதற்காகவே அவர்கள் வருவதும் உண்டு. உங்கள் தெருவில் எது எதை ஈடுகட்டும் என்று உள்ளூர் மதிப்பீட்டாளர்தான் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கேட்டால் ஓவர்லேயை மறைக்காதீர்கள். ‘மாநிலப் பதிவேடு அல்ல, உள்ளூர் ஓவர்லே’ என்று எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இவை. கவுன்சில் கடிதத்தில் கருத்து அனுப்பக் கடைசித் தேதி இருக்கும்; வாதம் தயாராகாவிட்டாலும் அதற்குள் ஒரு பக்கமாவது எழுதி அனுப்பி வையுங்கள், பேனல் முன் பேசும் வாய்ப்பு அதனால்தான் கிடைக்கும். பல கவுன்சில்களில் பாரம்பரிய ஆலோசகர் ஒருவர் இருப்பார். விண்ணப்பிக்கும் முன்பே சந்திக்க நேரம் கேட்டு, முன் அறைகளை வைத்துக்கொண்டு பின்னால் கட்டும் ஒரு கைவரைபடத்தைக் கொண்டு போய்க் காட்டுங்கள். பில்டர் ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். அவர் அவசரப்படுத்தினால், இடிப்பு அனுமதியும் திட்டமிடல் அனுமதியும் கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். அதை அவர் மறுத்தால் வேறு பில்டரைப் பாருங்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், அது என் துறை அல்ல.